வேண்டுதல் என்று சொன்னது

பரணிதரன் மலைப்படியில் குனிந்தே ஏறுவான். மனோரமா சற்றுப் பின்னால் வருவாள். பக்கத்தில் போனால் பேச வேண்டியிருக்கும். முன்னால் போனால் அவன் நின்றுவிட்டது தெரியாது.

பாதி மலையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் குப்பம்மாள் சில நாட்களாக இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

“இன்னாம்மா, டெய்லி வந்துகினு கீறீங்க. இன்னா வேண்டுதல்?”

மனோரமா மூச்சு வாங்க நின்றாள். அவன் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லை, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திருத்தணியில் சாமிக்கு என்றில்லாமல் யாரும் தினம் மலை ஏறுவதில்லை.

“ஆங். வேண்டுதல்தான்.”

“புள்ளைக்கா?”

குப்பம்மாள் அவள் வயிற்றைப் பார்த்தாள். மனோரமா தலையை அசைத்தாள். ஆமென்றும் கொள்ளலாம், இல்லையென்றும் கொள்ளலாம்.

“குடுப்பாம்மா. தணிகைக்காரன் குடுக்காம வேற யாரு குடுப்பா? இந்தா, தலைல வெச்சிக்கோ.”

மனோரமா பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்தபோது அவன் பூவைப் பார்த்தான். 

*

நோய் எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டு விசைத்தறிகள். கூலிக்கு லுங்கி நெய்கிறார்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. பேசாமல் இருப்பது அந்த வீட்டில் வழக்கம். அதனால் அவன் பேச்சை நிறுத்தியது அவளுக்குத் தெரியவில்லை. தறி நின்ற பிறகும் அவன் பேசாமல் இருப்பதை ஒருநாள் கவனித்தாள்.

பிறகு குளிப்பது நின்றது. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவான். ஒரு சாயங்காலம் தெருக்காரர் ஒருவர் அவனை ரயில்வே கேட்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்தார். வண்டி போய் வெகுநேரம் ஆகியும் அங்கேயே நின்றானாம்.

“சும்மா நின்னுகினு இருந்தேன்” என்றான்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் நிறையக் கேட்டார், மாத்திரை எழுதினார். மாத்திரை அவனைத் தூங்க வைத்தது. விழித்திருக்கும் நேரத்திலும் தூக்கம் விடவில்லை. தறியில் இழை அறுந்து துணி ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்க, அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இன்னொரு நாள் ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடா தறியைவிட்டுத் தெறித்து அவன் காதோரம் பட்டது. அவனுக்கு விலகத் தோன்றவில்லை. அன்றோடு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டான்.

மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருந்தவள் தேவயானி. அரக்கோணத்துப் பெண், இளையவள். அவள் திட்டவில்லை.

“தானா நிறுத்தக் கூடாதுங்க. டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பார்.”

“வேணாம் மேடம். அத்த தின்னா நான் கீறனா இல்லையான்னே எனக்குத் தெரியல.”

தேவயானி எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள்.

“கொஞ்ச நாள் மாத்திரை இல்லாம பார்க்கலாம்னு சொல்றார். ஆனா இதுவும் வைத்தியம்தான். சும்மா இருக்கிறது இல்ல. சரியா வரலன்னா மாத்திரைக்கே திரும்ப வரணும். சம்மதமா?”

அவன் தலையாட்டினான்.

தேவயானி ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் எழுந்து நடக்க வேண்டும். ஒருவேளையாவது இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாரம் தவறாமல் தன்னிடம் வந்து பேச வேண்டும். பிடித்தால் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. செய்துவிட்டுப் பிறகு பார்க்க வேண்டும். உயிரை விடலாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

“ஒருநாள் முடியலன்னா?” என்று பரணிதரன் கேட்டான்.

“விட்டுடுங்க. மறுநாள் போங்க. போகாததுக்குத் தண்டனை எதுவும் கிடையாது.”

வெளியே வந்ததும் அவன் அதைத் திருப்பிச் சொன்னான். “தண்டனை கிடையாதாம்.” அதில் பாதி நம்பிக்கை இருந்தது. மனோரமாவுக்கு அது போதுமாக இருந்தது.

மலையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். லாரியும் பஸ்ஸும் இடிக்காமல் நடக்க ஊரில் வேறு இடம் இல்லை.

முதலில் ஒன்றும் மாறவில்லை. அவன் ஏறினான், இறங்கினான், படுத்துக்கொண்டான். பிறகு ஒருநாள் இறங்கி வரும்போது அடிவாரத்து டீக்கடை முன்னால் நின்றான்.

“டீ குடிக்கலாமா?”

பல மாதங்களாக அவன் எதையும் கேட்டதில்லை. மனோரமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னாள். அந்த வாரமே தறியில் அறுந்த இழை ஒன்றை அவள் பார்ப்பதற்கு முன் அவன் பார்த்தான். தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டான். அவள் அதைத் தேவயானியிடம் போய்ச் சொன்னாள்.

“இதுதாங்க. இதுக்கு மேல இப்போ எதிர்பார்க்காதீங்க” என்றாள் தேவயானி.

*

பரணிதரனின் அக்கா ரத்தினம்மாள் பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். தாய் போன பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். முன்னறிவிப்பு இல்லாமல் பஸ் பிடித்து வந்து வாசலில் பையை வைத்தாள்.

“ஏண்டி மனோ, ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. டெய்லி மலை ஏறிகினு கீறீங்களாமே! பஸ்ல ஒருத்தி சொல்றா. என் தம்பி சமாச்சாரத்த நான் பஸ்ல போறவகிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா?”

“இல்ல வதினா...” மனோரமா ஆந்திராவின் நகரியில் பிறந்தவள். நாத்தனாரை வதினா என்றும் கணவனைப் பாவா என்றும்தான் அவளுக்கு அழைக்க வரும்.

“இன்னா நொள்ள? எத்தினி வருஷமா தலப்பாடா அடிச்சிகினேன், வேண்டிக்கடா, வேண்டிக்கடான்னு. கேட்டானா? தறி ஓட்டினா புள்ள பொறந்துடும்னு நெனச்சிகினான்.” அவள் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். “இப்போ பாரு, முட்டி தேய ஏறுறான்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். மனோரமா அவனைப் பார்த்தாள். அவன் தறிக்குப் பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். வதினாவின் வாயில் எதுவும் தங்காது. கூலிக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பவர் காதுக்கு எட்டிவிட்டால், மெண்டல் வீட்டுக்கு யார் பாவு அனுப்புவார்கள்? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்துடணும்” என்றாள் ரத்தினம்மாள். “வேண்டிகினவன் வெறுங்கையோட ஏறி எறங்கினா ஆச்சா? நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். பம்பைக்காரனுக்கும் சொல்லியாச்சி. அதுவரைக்கும் ஒரு நாளும் தவறக் கூடாது, தெரியுதா? குறை வெச்சா அது வம்சத்த புடிக்கும். தள்ளித் தள்ளிப் படுங்க. விரதம்னா விரதம்தான்.”

அவர்கள் தள்ளிப் படுக்கத் தொடங்கி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

“சரிக்கா” என்றான் பரணிதரன்.

*

அன்றிலிருந்து அது வேறு மலையாகிவிட்டது.

காலையில் ரத்தினம்மாள் போன் செய்வாள். “ஏறியாச்சா?” ஏறியாச்சு என்றதும் வைத்துவிடுவாள். குப்பம்மாள் ஒவ்வொரு நாளும் மனோரமாவின் முகத்தைப் பார்த்து, “விசேஷம் ஏதாச்சும்?” என்பாள். டீக்கடைக்காரர் ஒருநாள் பரணிதரனிடம், “பேரு இன்னா வெக்கப் போற? தணிகைமணின்னு வெய்யி. எங்கப்பன் பேரு, அந்தாளு தொண்ணூறு வயசு இருந்தாரு” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்க முயன்றான். அடுத்த நாளிலிருந்து டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டான்.

இப்போது அவன் அவளுக்கு முன்பே எழுந்தான். குளித்தான். ஒரு நாளும் தவறவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் தேறிவிட்டதாகத் தெரிந்திருக்கும். ஏறும்போது அவன் உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறான் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, “எதுக்கு? அதான் ஏறிகினு கீறேனே” என்றான். அவள் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரமும் வற்புறுத்தவில்லை. தேவயானி போன் செய்தபோது, “நடக்கிறாரு மேடம், டெய்லி நடக்கிறாரு” என்றாள். அது பொய் இல்லை.

ஒரு பிற்பகல் கரண்ட் போய் இரண்டு தறிகளும் நின்றன. அந்த அமைதியில் அவன் பேசினான்.

“மனோ. அவனுக்குத் தெரியுமில்ல?”

“யாருக்கு?”

“மேல கீறவனுக்கு. நாம பொய் சொல்லிகினு ஏறுறது.”

“பாவா, நாம அவனாண்ட ஒண்ணும் சொல்லலியே. பூக்காரியாண்டதான் சொன்னோம்.”

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

“எல்லாரும் எனக்காகக் கும்புடுறாங்க. குடுத்துட்டான்னு வெச்சிக்கோ. நான் இப்டி கீறேன். அதுக்கு அப்பன் நானா?” அவன் கையைப் பார்த்துக்கொண்டான். “குடுக்கலன்னா, நான் குறை வெச்சதாலதான்னு சொல்லுவாங்க. என்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உன்னத்தான் கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“அந்தப் பொண்ணு தண்டனை இல்லன்னு சொல்லிச்சி. பாவம். அதுக்கு இன்னா தெரியும்?”

கரண்ட் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கின. அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது.

*

கிருத்திகைக்கு முந்தைய வாரம் ஒரு காலை அவன் எழவில்லை. காய்ச்சல் இல்லை. கண் திறந்திருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“பாவா, டைம் ஆவுது.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சரி வுடுங்க. இன்னிக்கி வேணாம். நாளைக்கிப் போலாம். மேடம் அப்டித்தானே சொன்னாங்க?”

அவன் தோள் கொஞ்சம் தளர்ந்ததுபோல் இருந்தது. கண்ணை மூடினான். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அப்போது போன் அடித்தது.

“ஏறியாச்சா?”

மனோரமா அவன் முதுகைப் பார்த்தாள்.

“ஆச்சி வதினா. இப்பத்தான் எறங்கினோம்.”

அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அவன் முதுகு அசையவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்து மதியம்வரை அங்கேயே ஊடைநூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். இரண்டு குடத்தோடு திரும்பியபோது பாய் காலியாக இருந்தது. அவன் செருப்பு வாசலில் கிடந்தது.

முதலில் ரயில்வே கேட்டுக்கு ஓடினாள். அங்கே இல்லை. பிறகு மலைக்கு ஓடினாள். படியில் கல் கொதித்தது. குப்பம்மாள் கூடையின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு நிழலில் ஒதுங்கியிருந்தாள்.

“ஆங், போனாரே. தனியா போறியே, சம்சாரம் வரலியான்னு கேட்டேன், பதிலே இல்ல. இத பாரு, காவடிக்குப் பூ நான்தான் குடுப்பேன், வேற யாராண்டயும் சொல்லிடாத.”

மனோரமா ஓடினாள். கோயில் வரிசையில் அவன் இல்லை. வண்டிகள் ஏறிவரும் சாலை திரும்பும் இடத்தில், தடுப்புச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வெளிப்பக்கம் தொங்கின. கீழே பாறையும் முள்ளும். அவை முடியும் இடத்தில் ஊர்.

அவள் கூப்பிடவில்லை. மெதுவாகப் போய் உள்பக்கம் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் திரும்பவில்லை.

“ஏறிட்டேன்” என்றான். “மத்தியானம் ஆயிடிச்சி.”

“ஆவட்டும்.”

“கோயிலுக்குள்ள போவல. போய் இன்னான்னு கேக்கறது?”

“எறங்கலாம் பாவா. வெயிலு.”

“எனக்கு எறங்கத் தோணல மனோ.” சாதாரணமாகத்தான் சொன்னான், நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. “தோணிச்சின்னா அந்த நிமிஷமே சொல்லணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி இல்ல. சொல்லிட்டேன்.”

அவள் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தேவயானிக்குப் போன் செய்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. தேவயானி இடையில் பேசாமல் கேட்டாள்.

“அவர் சொன்னது நல்லதுங்க. பிடியை விடாதீங்க. யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்க. இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, வீட்டுக்குப் போகாதீங்க. டாக்டருக்குச் சொல்லிடுறேன். நானும் கிளம்பிட்டேன்.”

சாலையோரம் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. மனோரமா கையை உயர்த்தினாள். டிரைவர் இறங்கி நாலு எட்டு வந்தான். சுவரைப் பார்த்ததும் நடையைக் குறைத்து, சத்தம் இல்லாமல் வந்து பரணிதரனுக்கு இன்னொரு பக்கம் நின்றான்.

போன் மறுபடி அடித்தது. ரத்தினம்மாள்.

“ஏண்டி, மஞ்ச வேட்டி ஒண்ணு போதுமா, ரெண்டா?”

“வதினா, வேண்டுதல் ஒண்ணும் இல்ல.”

“இன்னாடி சொல்ற?”

“புள்ளைக்கு வேண்டல. இவருக்கு மனசு சரியில்ல. ஆஸ்பத்திரில காலைல நடக்கச் சொன்னாங்க. அதுக்குத்தான் ஏறினோம். நான்தான் வேண்டுதல்னு சொன்னேன். இன்னிக்கி காலைல ஏறவும் இல்ல.”

அந்தப் பக்கம் துணிக்கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“எல்லாருக்கும் சொல்லிட்டேனேடி” என்றாள் ரத்தினம்மாள். பிறகு குரல் ஏறியது. “சாமி பேர்லயாடி பொய் சொன்ன? நாக்கு அழுவிடும்டி உனக்கு. மெண்டலாயிட்டானா அவன்? எங்க கீறான்? அவனாண்ட குடு போன.”

அவன் தலையை அசைத்தான்.

“பேச மாட்டேன்றாரு. சுவத்து மேல உக்காந்துகினு கீறாரு. நான் புடிச்சிகினு கீறேன்.”

ரத்தினம்மாளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவள் மூச்சு கேட்டது.

“அப்போ காவடி?”

“வேணாம் வதினா.”

“சொன்னத வுட முடியாதுடி. நான் எடுக்கறேன். முட்டியே இல்ல எனக்கு. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே ஏறி நானே சாவறேன்.” குரல் உடைந்தது. “அவன எறக்கு மொதல்ல. எறக்குடி.”

இணைப்பு துண்டானது.

“அக்கா இன்னா சொல்லிச்சி?”

“காவடிய அவங்களே எடுக்கறாங்களாம்.”

அவன் அதைக் கேட்டுக்கொண்டான். முகத்தில் எந்த நிம்மதியும் வரவில்லை.

“அதுவும் என்னாலதான்” என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் பிடி தளர்ந்துவிடும் என்று பயந்து அடக்கினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் பாவா. மாத்திரை சாப்பிடணும்னு அவங்க சொன்னா சாப்பிடலாம்.”

“தூக்கம் வரும்.”

“வரட்டும். தறிய நான் பாத்துக்கறேன்.”

அவன் கீழே ஊரைப் பார்த்தான். ஆட்டோ டிரைவர் அவன் தோளுக்குப் பக்கத்தில் கையை வைத்திருந்தான், தொடாமல்.

“நாளைக்கி ஏறணுமா?”

“வேணாம். இனிமே ஏற வேணாம்.”

“அப்போ நாளைக்கி இன்னா பண்றது?”

அவளுக்குத் தெரியவில்லை. அவர்களிடம் இருந்தது இந்த மலை ஒன்றுதான். அதையும் அவளே கெடுத்துவிட்டாள். கீழே எங்கோ ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள்.

“பல்லு விளக்குங்க” என்றாள். “அதுக்கப்புறம் பாக்கலாம்.”

அவன் அதை யோசித்தான்.

“அதுவே பெருசு” என்றான்.

“தெரியும்.”

அவன் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான். கல் சுட்டது. இன்னொரு கால் வெளியிலேயே இருந்தது. அவள் காத்திருந்தாள்.